ஆசிரியர் குணமும் வகுப்பறை அதிகாரமும்

பள்ளிக்கூடத்து மணி எல்லா ஆசிரியர்களுக்கும் ஒரே விதமாகவே ஒலிக்கின்றது. கரும்பலகையும் வருகைப் பதிவேடும் மதிப்பெண் இடும் உரிமையும் எல்லோருக்கும் பொதுவானவையே. அரசாங்கம் ஓர் ஆசிரியருக்கு அளித்திருக்கும் அதிகாரத்துக்கும் அடுத்த வகுப்பில் பாடம் சொல்லும் ஆசிரியருக்கு அளித்திருக்கும் அதிகாரத்துக்கும் வேற்றுமை ஏதுமில்லை. ஆயினும், முதற் பாடவேளையில் ஒரு விதமாக இருக்கும் அதே வகுப்பு இரண்டாம் பாடவேளையில் வேறு விதமாக மாறிவிடுவதை மாணவர்களாகிய நீங்கள் நாள்தோறும் காண்கிறீர்கள். ஓர் ஆசிரியர் உள்ளே வந்ததும் பேச்சு அடங்குகிறது. அவர் கரும்பலகைப் பக்கம் திரும்பியதும் மீண்டும் எழுகிறது. மற்றோர் ஆசிரியர் வரும்போதும் பேச்சு அடங்குகிறது. ஆனால், அவர் பாடம் முடித்துப் போன பின்னரும் அவர் விட்டுச்சென்ற கேள்வியைப் பற்றியே மாணவர்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டிடத்தும் அமைதி உண்டு. ஆனால் முன்னது அச்சத்தின் அமைதி. பின்னது ஆர்வத்தின் அமைதி.

அதிகாரம் ஒன்றாயிருக்க, அதை மாணவர் உணரும் விதம் மட்டும் ஏன் வேறுபடுகின்றது? இவ்வினாவுக்கு விடை ஆசிரியரின் குணத்தில் இருக்கிறது. ஒரு பகுதி மாணவரின் மனத்திலும் இருக்கிறது.

முதலில், அதிகாரம் என்பது யாது என்று பார்ப்போம். ஒருவர் மற்றொருவருடைய செயலையோ எண்ணத்தையோ மாற்றக்கூடிய ஆற்றலே அதிகாரம் எனப்படும். இவ்வாற்றல் எந்த ஊற்றிலிருந்து பிறக்கிறது என்பதை ஜான் பிரெஞ்சு, பெர்ட்ராம் ரேவன் என்னும் இரண்டு அமெரிக்க உளவியல் அறிஞர்கள் 1959ஆம் ஆண்டில் ஐந்து வகையாகப் பிரித்துக் காட்டினார்கள். தண்டிக்க வல்லவர் என்ற அச்சத்தால் பிறப்பது முதல் வகை. பரிசும் பாராட்டும் தர வல்லவர் என்ற எதிர்பார்ப்பால் பிறப்பது இரண்டாம் வகை. இவர் இந்தப் பதவியில் இருக்கிறார், ஆகவே இவர் சொல்லைக் கேட்கத்தான் வேண்டும் என்ற ஒப்புதலால் பிறப்பது மூன்றாம் வகை. இவர் விஷயம் அறிந்தவர் என்ற நம்பிக்கையால் பிறப்பது நான்காம் வகை. இவரைப் போல் நாமும் ஆக வேண்டும் என்ற அன்பினாலும் மதிப்பினாலும் பிறப்பது ஐந்தாம் வகை.

இவ்வைந்தில் முதல் மூன்றையும் அரசாங்கமோ பள்ளி நிர்வாகமோ ஒருவருக்குக் கொடுக்கலாம். கொடுத்ததைத் திரும்பப் பெற்றுக்கொள்ளவும் செய்யலாம். கடைசி இரண்டையும் எந்த உத்தரவாலும் கொடுக்க இயலாது. அவற்றை மாணவர்களே தங்கள் உள்ளத்திலிருந்து எடுத்து ஆசிரியருக்கு வழங்குகிறார்கள். ஆசிரியரின் குணம் இவ்விடத்தில்தான் வேலை செய்கிறது.

மற்றொன்றும் கருதத் தக்கது. இவ்வைந்து வகையும் ஆசிரியர் கையில் உள்ள பொருள்கள் அல்ல; மாணவர் கண்ணில் தோன்றும் தோற்றங்கள். பிரம்பைத் தொடாத ஆசிரியரையும் மாணவன் அஞ்சலாம். உரக்கப் பேசும் ஆசிரியரையும் மாணவன் நேசிக்கலாம். மேற்கு விர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் மக்ராஸ்கி, விர்ஜீனியா ரிச்மண்ட் என்னும் இருவரும் 1983ஆம் ஆண்டு முதல் வெளியிட்ட ஆய்வுகளில், வகுப்பறை அதிகாரத்தைப் பற்றி ஆசிரியர்களையும் மாணவர்களையும் தனித்தனியே வினவினார்கள். தாம் அதிகாரத்தைப் பயன்படுத்தும் முறையைப் பற்றி ஆசிரியர்கள் கொண்டிருந்த எண்ணம், மாணவர்கள் கொண்டிருந்த எண்ணத்தைவிட நல்லதாகவே இருந்தது. அன்பினாலும் அறிவினாலும் பிறக்கும் அதிகாரம் கற்றலோடு இணைந்து செல்வதையும், அச்சத்தால் பிறக்கும் அதிகாரம் கற்றலுக்கு எதிராகச் செல்வதையும் அவர்கள் கண்டார்கள். நாம் நம்மைப் பார்க்கும் கண்ணாடியும் பிறர் நம்மைப் பார்க்கும் கண்ணாடியும் வேறு என்பது இதனால் விளங்கும்.

மேல்நாட்டார் இந்நூற்றாண்டுகளில் ஆராய்ந்து சொன்ன இச்செய்தியின் வித்து நம் தமிழ் நாட்டில் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே இருக்கக் காண்கிறோம். பவணந்தி முனிவர் நன்னூல் என்னும் இலக்கண நூலைச் செய்தபோது, எழுத்தையும் சொல்லையும் பற்றிப் பேசத் தொடங்குவதற்கு முன்னரே ஆசிரியர் எப்படிப்பட்டவராக இருக்க வேண்டும் என்பதைப் பொதுப்பாயிரத்தில் வைத்தார். நல்லாசிரியருக்கு அவர் காட்டிய உவமைகள் நிலம், மலை, தராசு, மலர் என்பன. தோண்டுவாரைப் பொறுத்து, உழைப்புக்குத் தக்க பயன் தருவது நிலம். பொறுமை அதன் குணம். மழை பெய்யாத காலத்திலும் நீர் தருவது மலை. வற்றாத புலமை அதன் குணம். எப்பக்கமும் சாயாமல் ஐயம் தீர்ப்பது தராசு. நடுநிலை அதன் குணம். காண்பவர் யாவரும் விரும்பி ஏற்பது மலர். இனிமை அதன் குணம்.

ஆசிரியர் ஆகத் தகாதவர்க்கும் அவர் நான்கு உவமை காட்டினார். கழற்சிக் காய்களை இட்ட குடத்தைக் கவிழ்த்தால், இட்ட வரிசையில் அவை வெளிவாரா. முறை தவறிப் பாடம் சொல்பவர் அத்தகையவர். மடல் நிறைந்த பனை தானாகப் பழத்தை வீழ்த்துமேயன்றித் தன்மேல் ஏற எவரையும் விடாது. கேள்வி கேட்க இடங்கொடாதவர் அத்தகையவர். பஞ்சு அடைத்த குடுக்கையிலிருந்து பஞ்சைச் சிறிது சிறிதாகத்தான் பறித்தெடுக்க வேண்டும். அறிவைக் கொடுக்க மனம் வராதவர் அத்தகையவர். வளைந்த தென்னை, நீர் வார்த்தவன் தோட்டத்தில் நின்று அயலான் தோட்டத்தில் காய் சொரியும். உரியவனை விட்டுப் பிறனுக்குப் பயன்படுபவர் அத்தகையவர். மாணவர் மனத்தில் ஆசிரியரைப் பற்றி எழும் குறைகளை இதைவிடச் சுருக்கமாக எவரும் தொகுத்ததில்லை எனலாம்.

மாணவன் ஆசிரியரை அணுகும் முறைக்கும் நன்னூல் ஓர் உவமை தருகிறது. குளிர் காய்பவன் நெருப்பை விட்டு அதிகம் விலகுவதுமில்லை, அதிகம் நெருங்குவதுமில்லை. அவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும் என்பது அதன் கருத்து. நெருப்பு சுடும் என்பதையும் நினைவூட்டி, நெருப்பில்லாமல் குளிர் போகாது என்பதையும் நினைவூட்டும் உவமை இது. ஆசிரியரின் குணம் எத்தகையதோ அதற்கேற்பவே இந்த இடைவெளி சுருங்கும் அல்லது விரியும்.

நூல் இலக்கணம் இப்படி இருக்க, நடைமுறை எப்படி இருந்தது? பழைய சென்னை மாகாணத்தில் பல்லாரிக் கலெக்டராயிருந்த ஏ. டி. காம்ப்பெல் என்பவர் 1823ஆம் ஆண்டில் அரசாங்கத்துக்கு எழுதிய அறிக்கையில், அக்காலத்துத் திண்ணைப் பள்ளிகளின் காலைக் காட்சி ஒன்று பதிவாகியிருக்கிறது. முதலில் வந்த மாணவனின் உள்ளங்கையில் கௌரவமாகச் சரஸ்வதியின் பெயர் எழுதப்படும். இரண்டாவதாக வந்தவனின் கையில் ஒரு சுழி இடப்படும். அவனுக்குப் புகழுமில்லை, பழியுமில்லை. மூன்றாமவனுக்கு மெல்ல ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு, பின்னால் வரும் ஒவ்வொருவனுக்கும் ஓர் அடி கூடிக்கொண்டே போகும்.

இக்காட்சியைச் சற்று ஆராய்ந்து பாருங்கள். பரிசும் தண்டனையும் இங்கே இருக்கின்றன. ஆனால் குற்றம் என்பது இங்கே இல்லை. எல்லாப் பிள்ளைகளும் விடியுமுன்னரே வந்து சேர்ந்தாலும் கடைசியில் வந்தவன் அடி வாங்கியே தீர வேண்டும். அடிக்கும் காரணத்தை எண்ணிக்கை தீர்மானிக்கிறது, நியாயம் தீர்மானிக்கவில்லை. இத்தகைய முறையில் வளரும் பிள்ளை, 'தவறு செய்யாமலிருந்தால் தப்பலாம்' என்று கற்பதில்லை. 'எனக்குப் பின்னால் ஒருவன் வந்தால் தப்பலாம்' என்றே கற்கிறான். இந்தப் பள்ளிகளில் ஆசிரியருக்குத் துணையாகச் சட்டாம்பிள்ளை என்னும் மாணவத் தலைவன் ஒருவனும் இருந்தான். மூத்த மாணவர் இளையோருக்குக் கற்பிக்கும் முறையைச் சென்னை எழும்பூர் அநாதைச் சிறுவர் விடுதியில் நடத்திப் பார்த்த ஆண்ட்ரூ பெல் 1797ஆம் ஆண்டில் லண்டனில் ஒரு நூலாக வெளியிட்டார். 'சென்னை முறை' என்றே அது இங்கிலாந்தில் பெயர் பெற்றது. கற்பிக்கும் துணையாக அம்முறையில் நன்மை உண்டு. ஆயினும், சட்டாம்பிள்ளையின் அதிகாரம் இரவல் அதிகாரம். ஆசிரியர் கடுமையானவராயின் சட்டாம்பிள்ளை அவரினும் கடுமை காட்டுவான். ஆசிரியர் நிதானமுள்ளவராயின் அவனும் நிதானம் கற்பான். ஆசிரியரின் குணம் அவரோடு நின்றுவிடுவதில்லை. அவர் கீழுள்ளவர்களின் கையிலும் அது ஏறிவிடுகிறது.

இனி, பிரம்பே இல்லாத ஓர் அதிகாரத்தைப் பார்ப்போம். பிற்காலத்தில் சங்க நூல்களைச் சுவடிகளிலிருந்து மீட்டுத் தந்த உ. வே. சாமிநாதையர், மாயூரத்தில் இருந்த மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் 1871ஆம் ஆண்டில் மாணவராகச் சேர்ந்தார். அப்போது அவர் பெயர் வேங்கடராமன். வீட்டில் வழங்கும் பெயர் யாதென்று பிள்ளையவர்கள் வினவி, சாமிநாதன் என்றே அழைக்கலானார். அப்பெயரே உலகம் அறிந்த பெயராயிற்று. அதே மாயூரத்தில் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் வாழ்ந்தார். இளைஞரான சாமிநாதையர் தமிழ்ப் பாடத்துக்கிடையே அவரிடம் சங்கீதமும் கற்கத் தொடங்கினார். இதைப் பிள்ளையவர்கள் அறிய நேர்ந்தது. இசையில் அதிகப் பழக்கம் வைத்தால் இலக்கண இலக்கியங்களில் புத்தி ஆழ்ந்து செல்லாது என்பது அவர் கருத்து. அதனை அவர் சொன்னார்; அவ்வளவே. கோபமில்லை, தண்டனையில்லை. அன்றோடு மாணவர் சங்கீதப் பயிற்சியை நிறுத்திவிட்டார். இந்நிகழ்ச்சியை ஐயரவர்களே தம் சுயசரிதமாகிய என் சரித்திரத்தில் எழுதியிருக்கிறார்.

அன்பினாலும் புலமையாலும் பிறக்கும் அதிகாரத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை. நூறு பிரம்படியால் ஆகாத காரியம் ஒரு சொல்லால் ஆயிற்று. ஆயினும், இதில் மற்றொரு பாடமும் உண்டு. தமிழ் உலகம் ஒரு பேராசிரியரைப் பெற்றது. ஓர் இளைஞரின் இசைப் பயிற்சி இடையில் நின்றது. அச்சத்தால் இடும் கட்டளையை மாணவன் உள்ளுக்குள் எதிர்க்கிறான். அன்பால் இடும் கட்டளையை எதிர்க்கவும் அவனுக்குத் தோன்றுவதில்லை. ஆகவே, ஐந்து வகை அதிகாரத்துள்ளும் இனியது எதுவோ அதுவே மிக வலியதும் ஆகும். அதைப் பெற்ற ஆசிரியர் தம் சொல்லின் எடையை நன்கு அறிந்து பேச வேண்டியவராகிறார்.

ஒரே பள்ளியில் இரண்டு குணங்கள் எதிரெதிரே நின்றதற்கு இராமேசுவரம் சான்று தருகிறது. ஆ. ப. ஜெ. அப்துல் கலாம் அவர்கள் தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பில் படித்தபோது, கோயில் தலைமைக் குருக்களின் மகனோடு முன்வரிசையில் அமர்வது வழக்கம். புதிதாக வந்த ஆசிரியர் ஒருவருக்கு, தொப்பி அணிந்த முஸ்லிம் சிறுவன் குருக்கள் மகனருகே அமர்ந்திருப்பது பொறுக்கவில்லை. எழுந்து கடைசி வரிசைக்குப் போகச் சொன்னார். இருக்கை ஒழுங்கு செய்வது ஆசிரியரின் பதவி அதிகாரம். அதை அவர் தம் உள்ளத்துச் சிறுமைக்குக் கருவியாக்கினார். பின்வரிசைக்குப் போகும் தன்னைப் பார்த்து நண்பன் அழுததைக் கலாம் தம் வாழ்நாள் முழுதும் மறக்கவில்லை. குருக்களாகிய இலட்சுமண சாஸ்திரிகள் அந்த ஆசிரியரை அழைத்துக் கண்டித்தார். ஆசிரியரும் தம் செயலுக்கு வருந்தினார் என்று கலாம் எழுதியிருக்கிறார்.

அதே பள்ளியில் சிவசுப்பிரமணிய ஐயர் என்னும் விஞ்ஞான ஆசிரியர் இருந்தார். ஒருநாள் பறவை எவ்வாறு பறக்கிறது என்பதைக் கரும்பலகையில் வரைந்து விளக்கினார். விளங்கவில்லை என்று மாணவர் சொன்னபோது அவர் சினக்கவில்லை. அன்று மாலையே வகுப்பைக் கடற்கரைக்கு அழைத்துச் சென்று, கடற்பறவைகள் சிறகடித்து எழுவதையும் வால் திருப்பித் திசை மாற்றுவதையும் நேரில் காட்டினார். மற்றொரு சமயம் அவர் கலாமைத் தம் இல்லத்துக்கு உணவுண்ண அழைத்தார். அவர் மனைவியார் பரிமாறத் தயங்கியபோது தாமே பரிமாறி அருகில் அமர்ந்து உண்டார். முன்னவர் கோடு கிழித்துப் பிள்ளையைப் பின்னுக்குத் தள்ளினார். இவர் கோட்டைத் தாண்டிப் பிள்ளையை அருகே அமர்த்தினார். இருவர் கையிலும் இருந்த பதவி ஒன்றே. விண்வெளித் துறையில் கலாம் செய்த பணிகளுக்கு வித்து எங்கே விழுந்தது என்பதற்கு அக்கடற்கரைப் பாடத்தையே அவர் பல மேடைகளிலும் காட்டினார்.

குணமே காரணமா, அன்றி ஆளே காரணமா என்று சிலர் ஐயுறலாம். இதனை ஆராய்ந்தவர்கள் கர்ட் லெவின் என்னும் அறிஞரும் அவர் துணைவர்களான லிப்பிட், ஒயிட் என்போரும் ஆவர். அமெரிக்காவில் அயோவாப் பல்கலைக்கழகத்தில் பத்து வயதுச் சிறுவர்களை ஐவர் ஐவராகச் சேர்த்து, முகமூடி செய்தல் முதலிய கைவேலைக் குழுக்களை அவர்கள் அமைத்தார்கள். முடிவுகள் 1939ஆம் ஆண்டில் வெளிவந்தன. குழுத் தலைவர் சில வாரம் எல்லாவற்றையும் தாமே கட்டளையிட்டு நடத்துவார். சில வாரம் சிறுவர்களோடு கலந்து முடிவு செய்வார். சில வாரம் ஒன்றிலும் தலையிடாது விட்டுவிடுவார். ஒருவரே வெவ்வேறு முறைகளைக் கையாண்டமையால், வேற்றுமைக்குக் காரணம் ஆளன்று, நடத்தும் விதமே என்பது தெளிவாயிற்று. கட்டளை முறையில், தலைவர் அறையில் இருக்கும்வரை வேலை நடந்தது. அவர் வெளியே சென்றதும் சோர்ந்தது. சில குழுக்களில் சிறுவர் ஒருவரையொருவர் தாக்கினர். சிலவற்றில் உயிரற்றவர்போல் அடங்கிக் கிடந்தனர். கலந்து முடிவு செய்யும் முறையில், தலைவர் இல்லாதபோதும் வேலை தொடர்ந்தது. தலையிடாத முறையிலோ வேலையும் இல்லை, நிறைவும் இல்லை. அடக்குமுறை மட்டுமன்று, அக்கறையின்மையும் தவறே என்பது இதிலிருந்து பெறும் முடிவு. இளகிய மனமுள்ள ஆசிரியரை மாணவர் சில வேளை ஏளனம் செய்வதற்கும் காரணம் இதுவே. அவருடைய அன்பை அவர்கள் ஏளனம் செய்யவில்லை. உறுதியின்மையையே ஏளனம் செய்கிறார்கள்.

ஓர் ஆசிரியர் ஒரு மாணவனைக் கண்டிக்கும்போது வகுப்பு முழுவதும் அதைக் கவனிக்கிறது. குளத்தில் எறிந்த கல்லின் அலை கரைவரை செல்வது போன்றது இது என்று ஜேக்கப் கூனின் என்னும் அமெரிக்க ஆய்வாளர் 1970ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் விளக்கினார். கண்டனம் காரணத்தோடு தெளிவாக இருந்தால், மற்றவர்கள் விதியைக் கற்கிறார்கள். சினத்தோடு மட்டும் இருந்தால், மற்றவர்கள் ஆசிரியரின் சினத்தைத்தான் கற்கிறார்கள். ஒருவனைத் திட்டும் சொல், திட்டு வாங்காத நாற்பது பேரின் உள்ளத்திலும் பதிகிறது.

திருவண்ணாமலை மாவட்டத்தில், ஆரணிக்குத் தெற்கே இருக்கும் சேத்துப்பட்டு வட்டாரத்து மாணவர்களுக்கு இக்கருத்தை நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. பட்டுத்தறியைக் கண்டவர்கள் அதை எளிதில் உணர்வார்கள். தறியில் பாவு இழைகளை அளவுக்கு மேல் இழுத்துக் கட்டினால் இழை அறும். அளவுக்குக் குறைவாகத் தளர்த்தினால் துணி சுருங்கி நெளியும். கைதேர்ந்த நெசவாளர் விரலால் தொட்டே இழையின் விறைப்பை அறிவார். உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாக அமையும் கோர்வைச் சேலையில், கரை நாடாவை எறிவதற்கு உதவியாளர் ஒருவர் பக்கத்தில் அமர்கிறார். நெய்பவரின் கையும் உதவுபவரின் கையும் ஒரே தாளத்தில் சென்றால்தான் உடலும் கரையும் பிரியாமல் இணையும். அங்கே நெய்பவருக்கு உள்ள அதிகாரம் எத்தகையது? அவர் கை செய்யும் வேலையை உதவுபவர் தம் கண்ணால் காண்கிறார். ஆகவே அவர் சொல்வதைக் கேட்கிறார். இழை அறுந்தபோது ஏசுபவரிடமன்று, அறுந்த இழையைப் பிணைக்கக் காட்டிக்கொடுப்பவரிடமே தொழில் நிலைக்கிறது. பிள்ளைகளின் இடம் தறியன்று, பள்ளியே. ஆயினும் பள்ளி தறியிடமிருந்து கற்க வேண்டிய பாடம் இது.

'அடியாத மாடு படியாது' என்று ஒரு பழமொழி நம்மிடையே வழங்குகிறது. அது மாட்டைப் பற்றியே உண்மையா என்பது ஐயம். மனிதனைப் பற்றி அது உண்மையன்று. நம் நாட்டுச் சட்டமும் அப்பழமொழியைக் கைவிட்டுவிட்டது. 2009ஆம் ஆண்டின் கட்டாய இலவசக் கல்வி உரிமைச் சட்டம் 2010ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன் 17ஆம் பிரிவு, குழந்தையை உடலால் தண்டிப்பதையும் மனத்தால் துன்புறுத்துவதையும் ஒருங்கே தடை செய்கிறது. அடியைப் போலவே இழிசொல்லும் துன்புறுத்தலே என்று சட்டம் ஏற்றுக்கொண்டமை கவனிக்கத் தக்கது. அத்தகைய துன்பம் நேர்ந்தால், அதைக் குணம் என்றோ விதி என்றோ பொறுத்துக்கொண்டு மௌனமாக இருத்தல் வேண்டா. பெற்றோரிடமும் தலைமையாசிரியரிடமும் சொல்லலாம். 1098 என்னும் குழந்தைகள் உதவித் தொலைபேசி எண்ணையும் அழைக்கலாம்.

அதே சமயம், கண்டிப்பு வேறு, கொடுமை வேறு என்பதை மாணவர் பகுத்தறிய வேண்டும். அதற்கு மூன்று வினாக்கள் போதும். இவர் கண்டிப்பது என் செயலையா, என்னையா? எனக்குச் சொன்ன விதி முன்வரிசையில் இருப்பவனுக்கும் பின்வரிசையில் இருப்பவனுக்கும் ஒன்றேயா? நான் புரியவில்லை என்று சொன்னால் இவர் மீண்டும் விளக்குவாரா? இம்மூன்றுக்கும் விடை நல்லதாயின், முகம் கடுமையாயிருந்தாலும் அவர் நன்னூல் சொன்ன தராசு. அவரை அஞ்சி ஒதுங்குவது உங்களுக்கே இழப்பு. விடை தீயதாயின், முகம் சிரித்திருந்தாலும் அங்கே எச்சரிக்கை வேண்டும். சிரித்த முகத்தையும் உரத்த குரலையும் கொண்டு மட்டும் ஒருவரை எடைபோடும் பழக்கம் மாணவப் பருவத்தில் மிகுதி. நடுநிலையும் பொறுமையும் முதல் பார்வையில் புலப்படுவதில்லை; பல நாள் பழகிய பின்னரே அவை தெரியவரும்.

இன்று வகுப்பில் அமர்ந்திருக்கும் உங்களிற் பலர் நாளை ஆசிரியராவீர்கள். மற்றையோர் அலுவலகத்திலோ தொழிற்சாலையிலோ தறிக்கூடத்திலோ வீட்டிலோ பிறர்க்குக் கட்டளையிடும் நிலைக்கு வருவீர்கள். அப்போது உங்களுக்கு ஒரு நாற்காலி கிடைக்கும். அந்த நாற்காலியோடு தண்டிக்கும் உரிமையும் பரிசளிக்கும் உரிமையும் சேர்ந்தே வரும். அறிவின் மதிப்பும் அன்பின் மதிப்பும் அந்த நாற்காலியோடு வருவதில்லை. அவற்றைக் கீழே அமர்ந்திருப்பவர்கள்தாம் தர வேண்டும். தருவதும் மறுப்பதும் உங்கள் குணத்தைப் பார்த்தே நடக்கும்.